முதல் கடதாசியிலேயே தோற்கும் வழக்குகள்

கேள்வி: எல்லோருக்கும் நீதி கிடைக்க வேண்டுமென்றால் இலவச சட்டத்தரணிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதாதா? கொழும்பில் சிங்களம் வாசிக்கத் தெரியாத, கையில் காசும் இல்லாத ஒருவருக்கு உண்மையில் என்ன வழி இருக்கிறது? சட்டம் படிக்காத எங்களைப் போன்றவர்கள் எதையாவது செய்ய முடியுமா?

பதில்:

கூட்டத்தான் வேண்டும். அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் அது மட்டும் போதாது, ஏனென்றால் சட்டத்தரணி வந்து சேர்வதற்குள் வழக்கின் பாதி முடிந்துவிடுகிறது. புதுக்கடை நீதிமன்றங்களில் நெடுங்காலம் நின்று பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: காசில்லாதவர்களின் வழக்குகளில் பல, நீதிபதியின் முன்னால் போவதற்கு முன்பே தோற்றுவிடுகின்றன. விளங்காமல் கையெழுத்து வைத்த முதல் கடதாசியிலும், தெரியாமல் தவறவிட்ட முதல் திகதியிலும் அவை தோற்கின்றன. அதற்குப் பிறகு எவ்வளவு கெட்டிக்காரச் சட்டத்தரணி இலவசமாகக் கிடைத்தாலும், அவர் செய்வது ஓட்டையை அடைக்கிற வேலைதான்.

பொலிஸிலிருந்தே தொடங்குவோம். பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வேலைக்கு நிற்கும் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் மஸ்கெலியா. வீட்டில் ஒரு சங்கிலி காணாமல் போய்விட்டது, வீட்டுக்காரர் முறைப்பாடு கொடுத்துவிட்டார். நிலையத்தில் இந்தப் பெண் தமிழில் சொல்கிறார். எதிரே இருக்கும் உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதுகிறார். இடையில், வேறு முறைப்பாட்டுக்கு வந்து வாங்கில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் உதவிக்கு வந்து, இவர் சொல்வதைத் தனக்கு விளங்கிய அளவுக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொடுக்கிறார். “அலுமாரித் திறப்பு எங்கே இருக்கும் என்று தெரியும், ஆனா நான் ஒரு நாளும் அதைத் தொட்டதில்ல சேர்” என்று அந்தப் பெண் சொன்னது, “அலுமாரித் திறப்பு இருக்கும் இடம் எனக்குத் தெரியும்” என்று கடதாசியில் ஏறுகிறது. யாரும் வேண்டுமென்று செய்த சதி அல்ல. பின்பாதி மொழிபெயர்த்தவரின் வாயிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

வாக்குமூலங்களின் கடைசி வரி எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: வாசித்துக் காட்டப்பட்டது, விளங்கிக்கொண்டேன், சரியென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன். அந்தச் சிங்கள வரிக்குக் கீழே அவர் தமிழில் தன் பெயரை எழுதுகிறார். பிறகு ஒரு நாள் நீதிமன்றத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லும்போது, “அன்றைக்கு இதைச் சொல்லவில்லையே, இப்போது ஏன் புதிதாகச் சொல்கிறீர்?” என்று குறுக்கு விசாரணையில் கேள்வி வரும். கேட்பவரின் கையில் இருப்பது அந்தக் கடதாசி.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவைப் பாருங்கள். தகவலைச் சொல்பவர் எந்த மொழியில் சொல்கிறாரோ அந்த மொழியில்தான் அதை எழுத வேண்டும். உத்தியோகத்தருக்கு அந்த மொழி எழுத வராவிட்டால், சொல்பவரையே தன் மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவருக்கும் எழுத இயலாவிட்டால்தான் வேறு மொழியில் எழுதலாம். அப்போதும் அதற்கான காரணத்தைக் குறித்துவிட்டு, எழுதியதை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். ஆகவே முறைப்பாடு கொடுக்கப் போகிற எவரும், எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால், “நானே தமிழில் எழுதித் தருகிறேன்” என்று சொல்லலாம். இந்த ஒரு வசனத்தைப் பாடசாலையில் பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்ய வைத்தாலும் தப்பில்லை என்பது என் எண்ணம். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், “நேரமாகும்” என்பார்கள். பரவாயில்லை, ஆகட்டும். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்காமல் எழுந்து வரக்கூடாது.

கைது செய்யப்பட்டவரையோ விசாரணைக்கு அழைக்கப்பட்டவரையோ பார்க்கச் சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்குப் போகலாமா என்று பலரும் கேட்பார்கள். போகலாம். அதற்கென்று 2012இல் விதிகள் வர்த்தமானியில் வந்திருக்கின்றன. ஆனால் அந்த நேரத்தில் ஓடிவரக்கூடிய சட்டத்தரணியைத் தெரிந்து வைத்திருப்பது யார்? காசுள்ளவர்கள்தான்.

மொழி என்ற ஒன்று ஒருவரின் வாழ்க்கையையே எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்பதற்கு சிங்கராசா வழக்கை விட வேறு உதாரணம் வேண்டாம். 1993இல் கைதாகி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1995இல் தண்டிக்கப்பட்டவர். முதலில் 50 வருடச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. தண்டனைக்கு அடிப்படையாக இருந்தது ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலம். அது சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது, அவர் வைத்தது பெருவிரல் அடையாளம். சுயாதீனமான மொழிபெயர்ப்பாளர் யாரும் அங்கே இருக்கவில்லை. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு, இது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறுகிறது என்று கண்டது. அதை வைத்துக்கொண்டு 2006இல், நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது மனு தள்ளுபடியானது. சட்டத்தரணிகள் அவருக்காகப் பின்னால் வராமல் இல்லை, நல்ல சட்டத்தரணிகள்தான் வந்தார்கள். ஆனால் அந்தத் தட்டச்சுத் தாளை அவர்களாலும் தாண்ட முடியவில்லை.

அரசியலமைப்பு எழுத்தில் தாராளமானது. 1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. 24ஆவது உறுப்புரை, நீதிமன்ற மொழி விளங்காத தரப்பினருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்புக் கிடைக்க வேண்டும் என்கிறது. வழக்கைத் தொடங்குவதையும் மனுக்களைக் கொடுப்பதையும் தமிழிலேயே செய்யலாம் என்கிறது. கொழும்பு, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனமானவை. 2007 நடுப்பகுதிக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வேறு வந்தது. நடைமுறையில் என்ன? விசாரணை நீதிமன்றம் சிங்களத்தில் நடக்கும், மேன்முறையீடு ஆங்கிலத்தில் நடக்கும், வழக்காளி இரண்டுக்கும் நடுவில் நிற்பார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரை நாங்கள் இன்னும் முதலியார் என்றுதான் அழைக்கிறோம். தமிழ் தெரிந்த முதலியார் அன்றைக்கு வேறு நீதிமன்றத்தில் என்றால், வழக்குக்குத் தவணை போடுவார்கள். தவணை என்றால் இன்னொரு நாள் சம்பளம் போகும், இன்னொரு தடவை சட்டத்தரணிக்குக் கொடுக்க வேண்டும்.

அரச அலுவலகத் தொலைபேசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொல்வார்கள். அழுத்துவோம். “ஹலோ, கியன்ன” என்று சிங்களத்தில் பதில் வரும்.

அடுத்தது திகதி. ஏழை வழக்காளிகளுக்கு எமன் என்றால் இதுதான். காவலில் அடித்தார்கள், காரணமில்லாமல் பிடித்து வைத்தார்கள், பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டினார்கள் என்றால், அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனு போடலாம். ஆனால் அதை விசாரிக்கும் அதிகாரம் நாட்டிலேயே உயர் நீதிமன்றத்துக்கு மட்டும்தான் உண்டு, அது இருப்பது புதுக்கடையில். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போக வேண்டும். அடிபட்டவர் ஆஸ்பத்திரியிலோ மறியலிலோ இருக்கும் மாதம் அது! மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம், 1996இன் 21ஆம் இலக்கம், இதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் இதை நம்பிச் சும்மா இருந்துவிடவும் கூடாது. முறைப்பாட்டுக் கடிதத்தின் பிரதி மட்டும் போதாது, ஆணைக்குழுவில் விசாரணை நடந்துகொண்டிருந்தது என்பதை மனுதாரர் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. எனவே ஆணைக்குழு தரும் முறைப்பாட்டு இலக்கம், அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆணைக்குழு ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில், பம்பலப்பிட்டியில் இருக்கிறது. அவசர இலக்கம் 1996. அங்கே முறைப்பாடு கொடுக்கச் சட்டத்தரணி தேவையில்லை, காசு தேவையில்லை.

உயர் நீதிமன்ற விதிகளில் அதிகம் பேர் அறியாத ஒன்றும் உண்டு. வசதியில்லாத ஒருவர் நீதிமன்றத்துக்கு எழுதும் சாதாரணக் கடிதத்தையே மனுவாக ஏற்று நடத்த 1990ஆம் ஆண்டின் விதிகள் இடம் கொடுக்கின்றன. எழுதுகிற ஒவ்வொரு கடிதமும் மனுவாகிவிடாது. ஆனாலும் வேறு வழியே இல்லாத ஒருவர், திகதி தாண்டுவதற்குள் ஒரு பதிவுத் தபால் போட்டு வைப்பதில் நட்டமில்லை.

மனுப் போட்டவுடன் நீதி வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று அதே 126ஆவது உறுப்புரை சொல்கிறது. அப்படி முடிந்ததை நான் பார்த்ததில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் தொடர்பான அடிப்படை உரிமை மனுக்களின் தீர்ப்பு 2023 ஜனவரி 12இல்தான் வந்தது. இருந்தாலும் அந்தத் தீர்ப்பு சாதாரணமானதல்ல. ஏழு நீதியரசர்கள் அமர்ந்து, ஒரு முன்னாள் சனாதிபதி தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்றார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இதே கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிச் சந்துகளில்தான் இருக்கின்றன. அத்தனை பெரிய வழக்கு சாத்தியமானதற்கு ஒரு காரணம், மனுக்கள் உரிய நாளுக்குள் போனது. அங்கே பெற்றோர்களோடு சட்டத்தரணிகள் சங்கமும் மற்ற அமைப்புகளும் கூட நின்றன. தனியாக அடிபடும் ஒருவருக்கு அந்த ஒரு மாதத்தில் கூட நிற்க யாரும் இருப்பதில்லை.

வேலையில் நடப்பதைப் பார்ப்போம். புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையில் பல வருடம் நின்ற பையனை ஒரு நாள் நிறுத்திவிடுகிறார்கள். “கணக்கு முடிக்க வேண்டும், இதில் ஒரு கையெழுத்துப் போடு தம்பி” என்று ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டுவார்கள். அது ராஜினாமாக் கடிதம். தானாக விலகியவருக்கு, வேலை நீக்கம் செய்தார்கள் என்று தொழில் நியாய சபைக்குப் போக முடியாது. போனாலும் முதலில் அந்தக் கடிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். கையெழுத்து வைக்காதவருக்கு வேறு பொறி இருக்கிறது. “கொஞ்சம் பொறு, சீசன் முடியட்டும், திரும்ப எடுக்கிறேன்” என்று முதலாளி நல்லபடியாகப் பேசுவார். தீபாவளி போகும், நத்தார் போகும், சித்திரைப் புதுவருடமும் வரும். வேலை நீக்கம் செய்யப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். ஏழாவது மாதம் முதலாளி தொலைபேசியை எடுக்க மாட்டார். இத்தனைக்கும் தொழில் நியாய சபையில் தொழிலாளி தானே நேரடியாகவோ தொழிற்சங்கம் மூலமாகவோ ஆஜராகலாம். சாமானியனுக்கு வசதியாக இருக்கட்டும் என்றே 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் அமைந்த மன்றம் அது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எத்தனை கடைப் பையன்களிடம் அந்தக் கடிதம் இருக்கிறது என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதி கட்டாமல் விட்டிருந்தால், நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்திடம் முறைப்பாடு கொடுக்கலாம். வீட்டு வேலை செய்பவர்களுக்கு அந்த நிதியே இல்லை. தனியார் வீடுகளில் வேலை செய்பவர்களைச் சட்டம் ஆரம்பத்திலிருந்தே வெளியில் வைத்துவிட்டது. மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த எத்தனையோ பெண்களின் முதுமை இப்படித்தான் வெறுங்கையோடு முடிகிறது. இதை எந்த இலவச சட்டத்தரணியாலும் திருத்த முடியாது, பாராளுமன்றம்தான் திருத்த வேண்டும்.

சரி, இலவச உதவி எங்கே? முதலில் போக வேண்டியது சட்ட உதவி ஆணைக்குழு. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. தலைமை அலுவலகம் புதுக்கடையில் மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியிலேயே இருக்கிறது, நாடெங்கும் நீதிமன்றங்களை அண்டிக் கிளைகளும் உண்டு. ஆலோசனை யாரும் கேட்கலாம். வழக்குப் பேசச் சட்டத்தரணி வேண்டுமென்றால் வருமானம் பார்ப்பார்கள். அடையாள அட்டை, கிராம சேவையாளரின் வருமான உறுதிப்படுத்தல், கையில் இருக்கும் அத்தனை கடதாசிகள் — இவற்றோடு போங்கள். “வீட்டில் இருக்கிறது சேர், அடுத்த முறை கொண்டுவாறேன்” என்றால் அது இன்னொரு நாள் கூலி.

இந்த வருமான எல்லை விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. இந்தியாவில் 1987ஆம் ஆண்டின் சட்டசேவைகள் அதிகாரசபைச் சட்டம், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள், ஊனமுற்றவர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமலே சட்ட உதவிக்கு உரிமை தருகிறது. கணவனின் சம்பளம் நன்றாக இருக்கும், அடிவாங்கும் மனைவியின் பையில் பஸ் காசும் இருக்காது. காவலில் இருப்பவன் எந்தக் கிராம சேவையாளரிடம் போய் வருமானச் சான்றிதழ் வாங்குவான்? ஒருவருடைய நிலைமையைப் பார்த்து உதவி கொடுப்பதே சரியான முறை, நாமும் அதைப் பின்பற்றலாம்.

குற்ற வழக்குகளில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை கையளிக்கப்படும்போது குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்டத்தரணி இல்லாவிட்டால், அவர் கேட்டால் நீதிமன்றமே ஒருவரை ஒதுக்கும். ஆனால் பெரும்பாலான ஏழைகள் மேல் நீதிமன்றத்தைக் காண்பதே இல்லை. அவர்களுடைய வழக்கு புதுக்கடையிலோ மாளிகாகந்தையிலோ நீதவானின் முன்னால், காலையில் வரிசையாக அழைக்கப்படும் நீளமான பட்டியலில் ஓரிரு நிமிடத்தில் போய்விடும். அங்கே தானாக யாரும் ஒதுக்கப்படுவதில்லை. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், நீதியின் நலன் வேண்டும் இடத்தில் வசதியில்லாதவருக்குக் காசு வாங்காமல் சட்டத்தரணி கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தை இதற்காக யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

பிணை கிடைத்தும் மறியலிலிருந்து வெளியே வராதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிணை கொடுப்பது விதி, மறுப்பது விதிவிலக்கு என்று 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டம் பளிச்சென்று சொல்கிறது. நீதவானும் கொடுத்துவிடுவார். இரண்டு ஆட்பிணை, உறவினராக இருக்க வேண்டும், கிராம சேவையாளர் கொடுத்துப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். உறவுகள் எல்லாம் ஹட்டனிலும் பதுளையிலும். அவர்களுக்குச் செய்தி போய், தோட்டத்தில் வேலையை விட்டு, சான்றிதழுக்கு அலைந்து, இரவு பஸ் பிடித்து வந்து சேரும்போது “மேலொப்பம் இல்லை” என்று திருப்பி அனுப்புவார்கள். நாட்டின் சிறைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் விளக்கமறியல் கைதிகள். அவர்களில் எத்தனை பேரைச் சட்டம் வைத்திருக்கிறது, எத்தனை பேரை ஒரு ரப்பர் முத்திரை வைத்திருக்கிறது என்பது வேறு கேள்வி. இங்கே தேவை சட்டத்தரணிகூட இல்லை. நீதிமன்ற வாசலில் நின்று, குடும்பத்தாரிடம் எந்தெந்தக் கடதாசி, யார் யாருடைய கையெழுத்து என்று தமிழில் எழுதிக் கொடுக்கிற ஒரு ஆள் போதும்.

அப்படி ஒரு ஆள் அரச தரப்பில் இல்லாததால்தான் தரகர்கள் வந்தார்கள். புதுக்கடைச் சந்தியில் இறங்கும்போதே “என்ன கேஸ் அண்ணே?” என்று கூடவே நடந்து வருவார்கள். அவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்த வாசலில் தமிழில் முதலில் விசாரிப்பவர் அவர்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பெண்களுக்கான சட்டம் ஒப்பீட்டளவில் நல்லது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பாதிக்கப்பட்ட பெண்ணுக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். உடனடி ஆபத்து என்றால் இடைக்காலக் கட்டளை, அது 14 நாள் வரை. முழுக் கட்டளை 12 மாதம் வரை. கணவனைச் சிறைக்கு அனுப்பாமலே அவனை வீட்டுக்கு வெளியில் நிறுத்த முடியும் என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் “பிள்ளைகளின் அப்பாவை உள்ளே தள்ளச் சொல்றீங்களா” என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். 1938 என்ற இலக்கத்தில் மகளிர் உதவிச் சேவை இருக்கிறது, சிறுவர்களுக்கு 1929. தாபரிப்புக் காசுக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம். தான் வசிக்கும் இடத்து நீதவான் நீதிமன்றத்திலேயே கேட்கலாம். ஆனால் மருதானையிலோ வாழைத்தோட்டத்திலோ இருக்கும் முஸ்லிம் பெண்ணுக்கு இந்த வழி பொதுவாகத் திறக்காது. அவர் முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது, பெண்கள் காதியாகவும் முடியாது. சட்டத்தரணி இல்லாவிட்டால் எல்லாம் எளிமையாகவும் மலிவாகவும் முடியும் என்று நினைப்பவர்கள், கணவன் வீட்டார் நாலு பேரோடு வந்து உட்கார்ந்திருக்க, தனியாகப் பேச வேண்டிய ஒரு பெண்ணின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்கட்டும்.

மத்தியஸ்த சபைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம். சிறு கடன், வேலிச் சண்டை, அயல்வீட்டுத் தகராறு போன்றவற்றுக்கு முதலில் அங்கேதான் போக வேண்டும். இணக்கம் வராவிட்டால் சான்றிதழ் தருவார்கள், அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம். செலவில்லை, சட்டத்தரணியும் இல்லை. சமமான இருவருக்கு நல்ல இடம். ஒருவர் முதலாளி, மற்றவர் வேலையாள் என்றால் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை.

இதையெல்லாம் விட, சட்டத்தரணியே இல்லாமல் ஒரு சாதாரண ஆளின் கையில் உண்மையாகவே வேலை செய்யும் கருவி என்றால், நான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத்தான் காட்டுவேன். தோட்டத்திலிருந்து — கொழும்புக்காரர்கள் சொல்லும் தோட்டம், அதாவது நெருக்கமான குடிசைக் குடியிருப்பு, தேயிலைத் தோட்டமல்ல — அடுக்குமாடி வீட்டுக்கு மாற்றப்பட்ட குடும்பம் ஒன்று. பழைய வீட்டுக்கு என்ன பெறுமதி போட்டார்கள், புதிய வீட்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும், வீட்டு உறுதிப் பத்திரம் எப்போது கிடைக்கும் என்று எந்தக் கவுண்டரில் கேட்டாலும் பதில் இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி, தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கினால் போதும். எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் அவர் உதவி செய்து எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கோப்பில் இருக்கும் கடதாசியின் பிரதி கைக்கு வந்தபின் அதே கவுண்டரில் பேசும் தொனியே மாறிவிடும்.

ஆக, நீதியை எல்லோருக்கும் விரிவாக்குவது என்றால் காசை எங்கே போட வேண்டும்? என்னைக் கேட்டால், நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருக்கும்போது, அந்தக் குவியலின் முன்னால் இன்னும் கொஞ்சம் சட்டத்தரணிகளை நிறுத்துவதைவிட, குவியலுக்குள் போவதற்கு முந்திய முதல் வாரத்தில் போடுவேன். கொழும்பில் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளின் பொலிஸ் நிலையங்களில் எந்த நேரமும் தமிழில் எழுதக்கூடிய ஒரு உத்தியோகத்தர். நீதிமன்றங்களுக்குப் போதுமான முதலியார்கள், அவர்கள் விட்டுப் போகாமல் நிலைக்கும்படியான சம்பளம். அப்புறம், சட்டத்தரணி அல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற சட்டத் துணையாளர்கள். இது கனவு அல்ல. 2002இல் போர் முடிந்து எழுந்த சியெரா லியோனி, 2012ஆம் ஆண்டில் சட்ட உதவிச் சட்டம் கொண்டுவந்தபோது, பாரம்பரியத் தலைவர்களின் கீழுள்ள ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது ஒரு துணையாளர் வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. நம்மைவிடப் பல மடங்கு வறிய நாடு அது. நம்மிடம் ஒவ்வொரு பிரிவிலும் கிராம சேவையாளர், சமுர்த்தி உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இந்தப் பயிற்சியைக் கொடுப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

கடைசியாக, உங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது. கோவில் மண்டபமோ, சனசமூக நிலையமோ, மாதத்தில் ஒரு ஞாயிறு காலை ஒரு மேசை போடுங்கள். சிங்களமும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேர் உட்காருங்கள். வருகிறவர்களின் கடிதங்களை வாசித்துச் சொல்லுங்கள். திகதி இருந்தால் பெரிய எழுத்தில் தனியாக எழுதிக் கொடுங்கள். தகவல் கோரும் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். எங்கே போக வேண்டும், என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று சொல்லுங்கள். ஓய்வுபெற்ற எழுதுநர்கள், ஆசிரியர்கள் இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள்; மொழிபெயர்ப்பில் அவர்களுக்கு இருக்கும் கை பல இளம் சட்டத்தரணிகளுக்கு இல்லை. ஒரு சமாதான நீதவானும் கூட இருந்தால் சத்தியக் கடதாசி வேலை அங்கேயே முடியும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். குற்றத்தை ஒப்புக்கொள், அபராதத்தைக் கட்டிவிட்டு வா என்ற யோசனையை ஒருபோதும் சொல்லாதீர்கள். அபராதம் கட்டி வந்தாலும் அது குற்றத்தீர்ப்புதான், பின்னால் வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கப் போகும்போது அது எழுந்து நிற்கும். அதைச் சட்டத்தரணிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது, யாருடைய மூலப் பத்திரத்தையும் மேசையில் வாங்கி வைக்க வேண்டாம். பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை அப்போதே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.